பிளேடு தீர்ந்துபோன கடை

அப்பாவுக்கு,

நேரில் பேச எனக்கு வாய் வராது, எழுதுகிறேன்.

போன தடவை ஆஸ்பத்திரியில், உங்கள் பார்கின்சன் நோய்க்கு மாத்திரையை எப்போது தொடங்குவது என்று கேட்டோம். "கைநடுக்கம் தொழிலுக்கு இடைஞ்சலா இருந்தா உடனே தொடங்கிடலாம்," என்றார் டாக்டர். "ஒரு இடைஞ்சலும் இல்லைங்க," என்று கூசாமல் புளுகினீர்கள்.

பிறகு ஏன் மூன்று மாதமாகச் சவரத்துக்கு வருகிறவர்களை, "பிளேடு தீந்துபோச்சுண்ணே, முடி மட்டும் வெட்டலாம்," என்று திருப்பி அனுப்புகிறீர்கள்? இழுப்பறையில் ஆறு பெட்டி பிளேடு இருக்கிறது. "உங்கப்பா பிளேடைக் கடிச்சுத் தின்னுட்டாரா?" என்று பக்கத்துக் கடைக்காரர் என்னிடம் சிரிக்கிறார்.

"சீக்கிரம் ஆரம்பிச்சா பின்னாடி மருந்து கேக்காதாம்," என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். அதையாவது டாக்டரிடம் கேட்டீர்களா?

பட்டம் வாங்கிய நானும் பக்கத்தில் ஊமைக்கோட்டான் போல உட்கார்ந்திருந்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போகிறோம். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன், குரல் நடுங்கினாலும்.

கோபம் தணியாத
உங்கள் மகள்