கிழக்கு மூலைப் பருத்தி

ஆகஸ்ட் 9
ரயில் பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்ற வருஷம்தான் கிழக்கு மூலையில் பருத்தி முதன்முதலில் வாடியது. உரத்தை விற்றுத் தின்றுவிட்டான் என்று தம்பியைச் சொன்னேன். அன்று போனவன் திரும்பவில்லை. நாற்பத்தொரு வருஷம்.
இப்போது அதே மூலை, அதே பத்து வரிசை. மத்தியானம் தலை தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. எனக்கு எழுத வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.
உரம் போடவில்லை என்று மகனிடம் கத்தினேன். "உங்க கண்ணு முன்னாடிதானேப்பா போட்டேன்?" என்றான். போட்டான்தான். நம்ப மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 12
இன்னொரு மூட்டை யூரியா போட வைத்தேன்.

ஆகஸ்ட் 17
பதினான்கு வரிசை.

ஆகஸ்ட் 18
மருமகள் ஒரு செடியை வேரோடு கொண்டுவந்துவிட்டாள்! காய் பிடித்த செடியில் கை வைக்கக் கூடாது என்பது அப்பா காலத்துக் கட்டளை.
"யாரைக் கேட்டுப் புடுங்கினே?"
"சாகப் போறதுக்கு யாரு மாமா உத்தரவு போடணும்?"
வாளியில் அலசினாள். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, கடுகும் மிளகும் ஒட்டினாற்போல.
"இதையும் எழுதவா மாமா?"
எழுது.

ஆகஸ்ட் 20
வேளாண்மை அதிகாரி அம்மா வேரைக் கீறிப் பார்த்தார். "நூற்புழுங்க ஐயா. வேருக்குள்ள குடியிருந்து செடியைத் தண்ணி குடிக்க விடாது. உரத்தைக் கொட்டினா அது சாகுமா?"
"மருந்து?"
"விதைக்கும்போதே மண்ணுல போட்டிருக்கணும். இந்த மூலை போனதுதான். இங்க கொத்தின மண்வெட்டியைக் கழுவாம அந்தப் பக்கம் கொண்டுபோகாதீங்க. அடுத்த வருஷம் நிலக்கடலை போடுங்க, இந்தப் புழு அதை அண்டாது. அதுக்கப்புறம் பருத்தி, மருந்தோட."
எத்தனை வருஷம் அதே ஏரை, அதே மண்ணோடு, வயல் முழுக்க ஓட்டியிருப்பேன்?

ஆகஸ்ட் 21
அன்றைக்குத் தம்பி சொன்னான்: "அண்ணே, ஒரே ஒரு செடியைப் புடுங்கிப் பாத்துடலாம்ணே."
நான் என்ன சொன்னேன்? "திருட்டை மறைக்கச் செடியைக் கொல்றியா?"
வரப்பில் எல்லாரும் நின்றார்கள்.

செப்டம்பர் 6
வாட்டம் பதினான்கு வரிசையோடு நிற்கிறது. மகனிடம் உரத்தைப் பற்றி இன்று பேசினேன். "விடுங்கப்பா" என்றான்.
காய்ந்த வேர் ஒன்றைத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். மகன் வாசலில் வண்டியைத் துடைக்கிறான். தம்பி ஊருக்கு இரண்டு மணி நேரப் பயணம்.
அன்று வரப்பில் நின்றவர்களில் அம்மா போய்விட்டாள். என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். அப்போது எங்களுக்குக் கூலிக்கு ஏர் ஓட்டியவர் போன மாசம் போனார். நான் சொன்னதைக் காதால் கேட்டவர்களில் உயிரோடு இருப்பது ஒருவன்தான். என் தம்பி.