ஆறு மீட்டர் தூரம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நலம். அண்ணியோடு சண்டை போடும் அளவுக்கு நீயும் நலமாக இருப்பாய். இவர் கப்பலிலிருந்து வர இன்னும் இரண்டு மாதம். வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான்.

நீ பழுது பார்க்க இத்துடன் வரும் கேமரா லென்ஸ் எதிர்மாடிக்காரருடையது. ஆறு வருஷம் அலமாரியில் தூங்கியதாம். இப்போது ஃபோகஸ் மோட்டார் திணறுகிறதாம். தங்கமான மனுஷன். போன வாரம் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். மறுநாள் அவரைப் பார்த்தபோது அந்தக் கையைப் பைக்குள் விட்டிருந்தேன், அப்படியும் "விரல் எப்படிம்மா இருக்கு?" என்கிறார்.

சாயங்காலமானால் சமையலறை ஜன்னல் பக்கம் ஏதோ வண்டு முனகுகிறது. தேடினால் அகப்படவில்லை.

தபால்காரர் வரும்போது நான் வேலையில் இருப்பேன். பார்சல் வந்தால் எதிர்மாடிக்காரரே வாங்கி வைப்பார்.

உன் வாலு

மார்ச் 11

அன்பு வாலு,

உன் கடிதத்தின் கடைசித் தாள் கிரீஸில் ஒட்டிக்கொண்டது. என் மேஜையில் எதுதான் ஒட்டாது? அதைப் பிரித்துப் படிக்காமலே எழுதுகிறேன்.

லென்ஸ் சும்மா கிடந்தால் உள்ளே கிரீஸ் இறுகிவிடும், மோட்டார் நகராது. வளையத்தைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினால் மெல்ல வழிக்கு வரும். உன் அண்ணி என்னைக் காலையில் எழுப்புவதும் இப்படித்தான்.

ஆனால் இதில் கிரீஸ் இறுகவில்லை. பற்சக்கரத்தில் ஒரே இடம் மட்டும் மழுங்கத் தேய்ந்திருக்கிறது. ஆறு வருஷம் தூங்கிய லென்ஸ் இல்லை இது. தினமும், ஒரே தூரத்தில், மணிக்கணக்காக உழைத்த லென்ஸ். தூரம் ஆறு மீட்டர். உன் சமையலறை ஜன்னலுக்கும் அவர் ஜன்னலுக்கும் நடுவில் அந்தச் சந்து எவ்வளவு அகலம்?

உன் வண்டும் இந்த மோட்டார்தான். விரல் சங்கதியும் இதில்தான் தெரிந்திருக்கும்.

திரையை இழுத்து மூடு. மாப்பிள்ளை வரும்வரை இங்கே வந்துவிடு. எதிர்மாடிக்காரரிடம் மூச்சு விடாதே; அவருக்குச் சந்தேகம் வராமலிருக்கப் புதுச் சக்கரம் போட்டே அனுப்புகிறேன்.

நம் வீட்டு வழக்கப்படி இதை லென்ஸ் பெட்டியிலேயே, பஞ்சுக்கு அடியில் வைக்கிறேன்.

அண்ணன்

மார்ச் 16

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்சலை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். புதுச் சக்கரம் அருமை. பஞ்சுக்கு அடியிலிருந்ததையும் படித்தேன். சிரிக்கச் சிரிக்க எழுதுகிறீர்கள்.

அதைத் தங்கையிடம் கொடுக்கவில்லை. தனியாக இருக்கிறவர், பயந்துவிடுவார்.

மோட்டாரில் இப்போது சத்தமே இல்லை. வண்டு தொலைந்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. நேற்று ஜன்னலை அகலத் திறந்து வைத்துதான் சமைத்தார். விரலும் ஆறிவிட்டது.

நன்றியுடன்,
எதிர்மாடிக்காரன்