மூன்று நிமிடம் அசையாதீர்கள்

ஜூன் 4

அன்புள்ள பெரியவளுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன். நலமில்லாவிட்டாலும் நீ வாயைத் திறக்கப் போவதில்லை.

நம் ஒப்பந்தப்படி கடிதம் எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் ஒருத்தி பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபம் வந்தால் கிழிக்கலாம், ஆனால் அதற்குள் படித்திருப்போம்.

மதகுக்காரர் வீட்டின் பின்னறை எனக்கு. ஒரு கட்டில், கால் ஆடுகிற ஒரு மேசை, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். காலையில் அவர் மதகின் இரும்புச் சக்கரத்தைச் சுற்றும்போது என் கட்டிலும் சேர்ந்து கிரீச்சிடுகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் மஞ்சள் குடையைத் திருடிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

உங்கள் துறை இந்தக் கால்வாயைப் பற்றிப் போடும் புத்தகத்துக்கு நீ கேட்டபடி, அதை வெட்டிய காலத்தில் நட்ட பதினான்கு தூரக்கற்களிலும் ஒவ்வொரு படம் எடுக்கிறேன். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரை மூன்று நிமிடம் திறந்தே வைக்கிறேன். அலை எல்லாம் அடங்கி, தண்ணீர் இஸ்திரி போட்ட துணிபோல் விழுகிறது. அந்த மூன்று நிமிடத்தில் நடக்கிறவர்களும் போகிற படகுகளும் படத்தில் தங்குவதே இல்லை. கரையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் படத்தில் ஒரு ஈ காக்கா இருக்காது. உட்கார்ந்திருப்பவர்கள்தான் தொல்லை. "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருங்க, படம் கெட்டுப்போவுது" என்று கெஞ்சி எழுப்பிவிடுகிறேன். நல்ல மனிதர்கள், எழுந்து போகிறார்கள்.

இங்கே ஒரு டீக்காரம்மா உண்டு. கையில் பெரிய தூக்கோடு நாள் முழுக்கக் கரையை அளக்கிறார். செவ்வாய்க்கிழமை எடுத்த பன்னிரண்டாம் கல் படத்தை நேற்று கேமராவிலேயே பார்த்துவிட்டு, "நான் எங்கம்மா?" என்றார்.

"நீங்க நடந்துக்கிட்டே இருந்தீங்கல்ல, அதான் விழல."

"நல்ல கதையா இருக்கே! நான் நின்னுட்டா யாரு டீ குடுக்கிறது?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னும் ஐந்து கற்கள் பாக்கி. எடுத்தவரை இன்றே உன் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.

உன்,
வாலு


ஜூன் 11

அடியே வாலு,

படங்கள் வந்தன. ஒன்பதையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை. இருபத்தாறு வருடமாக அந்தக் கால்வாயை வரைபடத்தில் பார்த்துப் பார்த்து, அது ஒரு நீலக் கோடு என்றே எனக்கு ஆகிவிட்டது. இத்தனை அழகென்று நீ சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. இதற்காகத் தலையில் கொம்பு முளைத்துவிட வேண்டாம்.

இயக்குநரும் பார்த்தார். ஒரு படத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "பரவாயில்லையே, ஆள் நடமாட்டமே இல்லையே!" என்று இரண்டு தடவை சொன்னார். மீதியும் இதே மாதிரி இருக்கட்டும் என்கிறார். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், கல்லின் எண் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதெல்லாம் வேண்டாம். புத்தகம் புரட்டுகிறவனுக்கு அது எதற்கு?

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அத்தான் கேட்கச் சொன்னார். நேற்று அலமாரியைத் துடைக்கும்போது நம் பழைய குடும்பப் படம் அகப்பட்டது. அம்மா, அப்பா, நான், மூன்று பேரும் சிலைபோல நிற்கிறோம். நீ மட்டும் கலங்கிப்போய் ஒரு புகை. ஒரு நொடி நின்றிருக்கிறாயா நீ? உன் கையை நான் இறுக்கிப் பிடித்திருப்பது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

என் குடையைத் தொட்டால் கையை ஒடிப்பேன்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

இந்தத் தடவை நலம் விசாரிக்கிற எண்ணம் இல்லை.

இன்று காலை மதகுச் சுவரில் உங்கள் துறையின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ‘பயன்பாட்டில் இல்லாத இக்கால்வாயை மூடிச் சாலை அமைத்தல் தொடர்பான பொது விசாரணை, ஜூலை 13.’ அதற்குக் கீழே என் படம். பன்னிரண்டாம் கல், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அதற்கும் கீழே என் கையெழுத்து.

மதகுக்காரர்தான் விளக்கினார். மக்கள் புழங்குகிற கால்வாயை மூடச் சட்டத்தில் இடமில்லையாம். யாருமே புழங்கவில்லை என்று காட்டினால் மூடலாமாம். அதைக் காட்டத்தான் என் பதினான்கு படங்கள். புத்தகம் என்றாயே, எங்கே அந்தப் புத்தகம்?

டீக்காரம்மா என்னைக் கரையில் நிறுத்தினார். "செவ்வாக்கிழம பத்து மணிக்கு இதே எடத்துல உனக்கே டீ குடுத்தேன். குடிச்சியா இல்லியா? உன் கேமராவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார். சுற்றிலும் படகோட்டியும் துணி துவைக்கிற பெண்களும் நின்றார்கள். உட்கார்ந்திருந்தவர்களைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்ட புண்ணியவதியே நான்தானே. அழகு அழகு என்று அலைந்து, இத்தனை பேரின் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று செய். அது மூன்று நிமிடப் படம், நடக்கிறவர்கள் அதில் விழ மாட்டார்கள் என்று இயக்குநரிடம் சொல். உனக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

வாலு


ஜூன் 28

வாலு,

கத்தாமல் படி.

ஆமாம், எனக்குத் தெரியும். படங்கள் புத்தகத்துக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள், நானும் அதை நம்பித்தான் உன்னை அனுப்பினேன். அவற்றைப் பார்த்த பிறகுதான் இயக்குநருக்கு இந்த யோசனை வந்தது. படம் எப்படி எடுக்கப்பட்டது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஷட்டர் திறந்திருந்த நேரத்தை எழுத வேண்டாம் என்று உனக்கு எழுதியபோது மனசு உறுத்தத்தான் செய்தது. உறுத்தலை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினேன்.

தலைமைப் பொறியாளர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. இந்த வருடம் என் பெயர் அடிபடுகிறது. அதற்கும் எனக்கும் நடுவில் இந்தச் சாலையை முடித்துக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. எனக்குப் பின்னால் வந்தவன் எல்லாம் என்னைத் தாண்டிப் போனபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேனே, அது உனக்குத் தெரியாதா?

நான் பொய் எதையும் எழுதவில்லை. படம் உன்னுடையது, கையெழுத்தும் உன்னுடையது. ஆட்கள் இருந்தார்கள் என்றால் மூன்று நிமிடம் அசையாமல் ஒருத்தராவது நின்றிருக்க மாட்டார்களா என்று விசாரணையில் கேட்பார்கள். உன்னிடம் அதற்குப் பதில் உண்டா?

வம்பு வேண்டாம். மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. உனக்கு முதல் கேமரா வாங்கித் தந்தவள் சொல்கிறேன்.

அக்கா


ஜூலை 7

பெரியவளே,

உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீதான் வழி காட்டினாய், அதற்கு நன்றி.

மூன்று நிமிடம் அசையாமல் ஒருத்தராவது நிற்க மாட்டார்களா என்று கேட்டாயே. நின்றார்கள். எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை.

உன் கடிதத்தின் அந்த ஒரு வரியை மட்டும் மதகு மேடையில் ஏறி நின்று படித்தேன். "இதே கற்கள், இதே நேரம், இதே கேமரா, இதே கறுப்புக் கண்ணாடி. நீங்கள் மட்டும் நிற்க வேண்டும்" என்றேன். டீக்காரம்மாதான் முதலில், "ஓடி ஓடித்தானே ஆளில்லாமப் போனோம்? நின்னு காட்டிருவோம்!" என்றார். அவ்வளவுதான், கரையே கிளம்பிவிட்டது. என்னை அவர் மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. "உன் மேல உள்ள கோவம் தனி, அது அப்படியே இருக்கு" என்று தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் நின்றார்.

நான்கு நாளில் பதினான்கு கற்கள். மதகுக்காரர் விசில் ஊதினால் எல்லோரும் நிற்க வேண்டும், மறு விசில்வரை மூச்சு மட்டும் விடலாம். படகோட்டி தன் படகை முன்னும் பின்னும் நாலு கயிற்றால் கட்டி, துடுப்போடு நடு ஆற்றில் நிற்கிறவன் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார். துணி துவைக்கிற பெண் ஓங்கிய துணியைக் கல்லில் அடிக்காமல் தலைக்கு மேலேயே பிடித்திருந்தார். மூன்றாவது நிமிடம் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன், ஆனாலும் துணியை இறக்கவில்லை. ஏழாம் கல்லில் ஒரு பெரியவருக்குத் தும்மல் வந்து மறுபடி எடுத்தோம். நாய் மட்டும் யார் சொல்லியும் கேட்கவில்லை. அது நாலு வாலோடு விழுந்திருக்கிறது.

கடைசியாகப் பன்னிரண்டாம் கல். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அந்தப் படத்தைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். கல்லுக்குப் பின்னால் தெரியும் பாலத்தின் இடது முனையைப் பார்.

கேமராவையும் கடிகாரத்தையுமே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் அப்போது கவனிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. ஒரு மஞ்சள் குடை, அதன் கீழே ஒரு பெண். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்தபடி நிற்கிறாள். முழுதாக விழவில்லை. அவள் உடம்புக்குள் பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் தெரிகின்றன.

நீ வந்தாய். விசில் கேட்டு நின்றாய். ஒரு நிமிடம்போல நின்றுவிட்டு நடந்து போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குடும்பப் படத்தில் அசைந்தது நான். இந்தப் படத்தில் அசைந்தது நீ. அன்றைக்கு என் கையைப் பிடிக்க நீ இருந்தாய், இன்றைக்கு உன் கையைப் பிடிக்க நான் பக்கத்தில் இல்லாமல் போனேன். அதை நினைத்தால் அழுகை வருகிறது, கூடவே கோபமும் வருகிறது.

ஆனால் ஒன்று. விசாரணைக்கு நான் வருவேன். பதினான்கு படங்களையும் கொண்டு வருவேன். எதிர்ப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாலும் சரி, உன் முகத்தைப் பார்த்தே பேசுவேன். முதல் கேமரா நீ வாங்கித் தந்தது, அதை மறக்கவில்லை. அதற்காக இதில் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

உன் நாற்காலியை நான் தட்டிவிடுவது போல ஆகிறது, தெரியும். படத்தின் இடது முனையை வெட்டிவிட்டுக் கொடுத்தால் நீ வந்தது வெளியே தெரியாது. வெட்டட்டுமா என்று ஒரு வார்த்தை எழுது. அந்த உதவி மட்டும் செய்ய முடியும்.

வாலு


ஜூலை 11

என் வாலுவுக்கு,

வெட்டாதே. கத்திரிக்கோலைத் தூக்கித் தண்ணீரில் போடு.

ஒரு நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். ஐம்பது விநாடிகூட இருக்காது. அலுவலக வண்டி ஹாரன் அடித்தது, என் கால் தன்னால் நடந்துவிட்டது. இருபத்தாறு வருடப் பழக்கம், வேறென்ன சொல்ல? உன்னைத் திட்டி அழைத்துப் போகத்தான் வந்தேன். பாலத்தில் ஏறியபோது விசில் ஊதியது. சந்தைபோல இரைச்சலாக இருந்த கரை சட்டென்று அடங்கியது. அந்தப் பெண் ஈரத் துணியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாளே, அவள் முழங்கைவரை தண்ணீர் வடிந்தது. துடைக்கக்கூட இல்லை. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்று இயக்குநரிடம் உன் படத்தைக் கொண்டுபோய் வைத்தேன். "இதெல்லாம் ஏற்பாடு பண்ணி நிக்க வெச்சது, செல்லாது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் எல்லோரும் ஏற்பாட்டில் நின்றவர்கள்தான். என்னை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அந்தப் படத்தில் தானாக வந்து, நின்று, போன ஒரே ஆள் நான்தான்.

அதனால் விசாரணையில் நானே எழுந்திருக்கப் போகிறேன். இப்படிச் சொல்வதாக எழுதி வைத்திருக்கிறேன்:

"இந்தக் குடைக்குக் கீழே கம்பி தெரிய நிற்பது நான். இந்தத் துறையின் பொறியாளர். ஐம்பது விநாடி நின்றேன், அதனால் எனக்கு இவ்வளவு உடம்புதான் கிடைத்தது. நிற்காமல் நடந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது. ஆனாலும் நான் அங்கே இருந்தேன். முதல் பதினான்கு படங்களில் இருந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களை அத்தான் எடுத்துவிடச் சொல்கிறார். எடுக்க மாட்டேன்.

நாற்காலி போகும். போகட்டும். கால்வாயை மூடிப் போட்ட சாலையில் அதை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வராது. இனி அவர்கள் என்னை எந்த மூலைக்கு மாற்றினாலும் அங்கேயும் தண்ணீர் ஓடும், அங்கேயும் வேலை இருக்கும்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. உன் டீக்காரம்மா சொன்ன மாதிரி அது தனியாக இருக்கிறது. "வெட்டட்டுமா" என்று கேட்டாயே, அந்த ஒரு வார்த்தைக்கு வீட்டுக்கு வந்ததும் உனக்கு இருக்கிறது.

விசாரணை காலை பத்தரைக்கு. எனக்கும் ஓர் இடம் போட்டு வை. எதிர்ப் பக்கத்தில் வேண்டாம், உங்கள் பக்கத்தில், அந்த டீக்காரம்மாவுக்கு அடுத்த நாற்காலி. குடையைக் கொண்டுவருகிறேன்.

உன் அக்கா