இரண்டாம் மாடிக்கு ஒரு சார்ஜர்

ஜூலை 14, திங்கள். வெயில், காற்றே இல்லை.

சைதாப்பேட்டை வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: எங்கள் வீட்டு மாடிப்படி நாளை ஒரு நாள் விடுப்பில் செல்கிறது. புது சிமென்ட். மாலை வரை ஏறவோ இறங்கவோ கூடாது. இப்படிக்கு, கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் ஞானம் அங்கிள். (உபதொழில்: என் கிரிக்கெட் பந்துகளைப் பிடுங்கி வைப்பது.)

முதல் மாடி காலி. இரண்டாவதில் நாங்கள். நிர்மலா அக்காவுக்கு நாளை பத்து மணிக்கு போனிலேயே வீடியோ இன்டர்வியூ, அடையாறில் ஒரு லேப். இதுவரை போன இடமெல்லாம் "சொல்லி அனுப்புறோம்". யாரும் சொல்லவுமில்லை, அனுப்பவுமில்லை. இப்போதெல்லாம் அக்கா அதிகம் பேசுவதில்லை.

ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்: மேலே எறிந்த பொருளின் வேகம் குறைந்துகொண்டே போகும். உச்சியில் ஒரு கணம் சுழி. அப்புறம் கீழே. எல்லாம் புவியீர்ப்பு, அதாவது g வேலை. யாரையும் கீழே இழுப்பவர், ஆகவே மரியாதையாக ஜி.

உயரம் தெரிந்தால் எறியும் வேகம் தெரியும். சுலபம். டியூஷனில் எனக்குத்தான் முதலில் விடை வந்தது.

ஜூலை 15, செவ்வாய். மேகம், புழுக்கம்.

விடியற்காலை டியூஷன். திரும்பி வந்தால் படியெல்லாம் ஈர சிமென்ட். மேலே பால்கனியில் அக்கா, தலை சீவி, பொட்டு வைத்து.

"டேய், சார்ஜர் எங்கடா?"

என் பையில். நேற்று நான்தான் எடுத்துச் செருகினேன். ராத்திரி அவள் போனில் விளையாடி சார்ஜைக் காலி செய்ததும் நான்தான்.

"இரு. தூக்கிப் போடுறேன். உன் கைக்கு நேரா வந்து நிக்கும், பூப் பறிக்கிற மாதிரி எடுத்துக்கோ."

"பூவெல்லாம் வேணாம். ஒழுங்கா எறி."

கைக்குட்டையில் முடிந்தேன். மனசுக்குள் கணக்கு. அளவாக எறிந்தேன். வேகத்தைச் சூத்திரம் சொல்லும், கைக்கு யார் சொல்வது? முடிச்சு முதல் மாடியிலேயே சுழியாகி, திரும்பி, அங்கிள் ஜன்னல் சன்ஷேடில் படுத்துக்கொண்டது.

அக்கா திட்டவில்லை. "செத்துக்கினே போவுதுடா" என்றாள், போனைப் பார்த்தபடி. குரல் உடைந்தது.

அங்கிள் வாயில் பேஸ்ட் நுரையோடு வந்தார். "இன்னாடா, மறுபடியும் பந்தா?"

"சார்ஜர், அங்கிள். அக்காவுக்கு இன்டர்வியூ."

நுரையை அப்படியே துப்பிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, ஒட்டடைக் குச்சியால் தள்ளிவிட்டார். அந்த மனுஷனை இனி எதுவும் சொல்ல மாட்டேன். பந்துகளை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் எறி: துல்லியம். முடிச்சு அக்கா கைக்கு நேரே போய் நின்றது. பறித்தாள். சூத்திரம் வென்றது.

அப்புறம் அங்கிள் நிதானமாக: "ஏம்மா, ஒரு பொடவைய எறக்கி வுட்டிருந்தா கட்டி அனுப்பிருப்பானே?"

அதுவரை மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை.

ஜூலை 18, வெள்ளி. சாயங்காலம் தூறல்.

வேலை கிடைத்துவிட்டது. சொன்னார்கள், கடிதமும் அனுப்பினார்கள். அம்மா கேசரி செய்தாள். அங்கிளுக்கு ஒரு கிண்ணம் நான்தான் கொண்டு போனேன். படி கெட்டியாகிவிட்டது. இரண்டு பந்து திருப்பிக் கொடுத்தார்.

அக்கா அம்மாவிடம்: "இவன் சரியா எறிஞ்சான்மா. இல்லன்னா அவ்ளோதான்."

செவ்வாய்ப் பக்கத்துக்கு ஒரு திருத்தம். இரண்டாம் எறிக்குக் கணக்கே போடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் போட்டு எறிந்தேன். முடிச்சு அக்காவைத் தாண்டி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்குப் போயிருக்கிறது. போன வேகத்திலேயே திரும்பி வரும்போது எட்டிப் பிடித்திருக்கிறாள். ஜிக்கு நன்றி, அவர்தான் திருப்பி அனுப்பினார்.

அக்கா உள்ளங்கை இன்னும் கன்றிப் போயிருக்கிறது. இன்டர்வியூ முழுக்க அந்தக் கையைக் கேமராவில் காட்டவே இல்லையாம்.