பிரேக்கர் அடிக்கிறது

என்னங்க,

சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதித் தலையணைக்கடியில் வைக்கிறேன்.

அன்று கட்டைவிரல் நசுங்கிச் சிக்கிக்கொண்ட உங்கள் வலது கையை வெளியே எடுக்க அவசரமாகக் கழற்றிய, பாறை உடைக்கும் பிரேக்கரை நம் குட்டி எக்ஸ்கவேட்டரில் மறுபடி மாட்டினோம். அது அடிக்கவே இல்லை. ஃபிட்டர் வந்து பார்த்துவிட்டு, "பம்ப் போயிடுச்சுக்கா, வண்டிய வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடுங்க" என்றார். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அதே எண்ணெய்க் குழாய் இணைப்பில் குழி போடும் ஆகரை மாட்டிப் பார்த்தேன். பம்பரமாகச் சுற்றியது. அப்படியென்றால் பம்பில் கோளாறு இல்லை. வெயிலில் கிடந்த பிரேக்கர் குழாய்க்குள் எண்ணெய் அழுத்தம் அடைபட்டு, இணைப்பு முழுதாக உட்காரவில்லை, அவ்வளவுதான். அழுத்தத்தை இறக்கிவிட்டு மாட்டினேன். இப்போது பாறை பொடிப்பொடியாகிறது.

ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வலது லீவரின் தலையில் கட்டைவிரலால் அழுத்தும்படி இருந்த பிரேக்கர் பொத்தானைக் கால் பெடலுக்கு மாற்றியாகிவிட்டது. லீவரை உள்ளங்கையால் தள்ளினாலே போதும்.

சும்மா சொல்லவில்லை. நேற்று முழுக்க வலது கட்டைவிரலை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டுதான் ஓட்டினேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி