இரண்டாம் வண்டியின் ஓடுகள்

நாள் 1, 09:10
இதை யார் எடுத்தாலும் சரி. நான் மாரப்பன், நாமக்கல். பழைய லாரி வாங்கி விற்றவன். இப்போது ஆளேற்றும் விண்வண்டி இரண்டு வைத்திருக்கிறேன். இது முதல் வண்டி, பதினாலாவது பயணம். வண்டி வாங்க வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று நானே தனியாக ஏறியிருக்கிறேன். எல்லாம் சீர். மூச்சுக்காற்று ஐந்து நாளுக்கு.

போய்த் திரும்பிய வண்டியைப் பிரித்துப் பார்க்கலாம். எது தேய்ந்தது என்று அதுவே காட்டிவிடும். ஒரே தடவையில் எரிந்து போகிற வண்டி எதைக் காட்டும்? குறையும் உண்டு. இறங்குவதற்கான இறக்கை, சக்கரம் எல்லாவற்றையும் மேலே சுமக்க வேண்டும். இறங்கும்போது வெப்பம் தாங்க வயிற்றில் ஒட்டிய ஆறாயிரம் ஓடுகளை ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

நாள் 2, 11:35
கேமராவை இறக்கைக்கு அடியில் நீட்டினேன். இடது பக்கம் மூன்று ஓடுகள் இல்லை. வெறும் அலுமினியம்.

எந்த மூன்று என்று எனக்குத் தெரியும்.

11:50
கீழிருந்து பூங்கோதை, என் பொறியாளர்:
"அண்ணா, இறங்கிப்போடாதீங்க. இறக்கை உருகிப்போயிரும். ரெண்டாம் வண்டிய நானே எடுத்துட்டு வாரேன். கயிறு கட்டி இழுக்க இதென்ன லாரிங்களா? என் வண்டிக்கு மாறிக்குங்க."

12:20
போன மாதம் இந்த வண்டியில் மூன்று ஓடுகளில் விரிசல். புதிது வர நாலு மாதம். பூங்கோதை விடுப்பில் இருந்தாள். லாரிப் பட்டறையில் செய்வதைத்தான் செய்தேன்: இரண்டாம் வண்டியிலிருந்து மூன்றைக் கழற்றி இதில் ஒட்டினேன். விரிசல் விட்டதை அதில் ஒட்டிப் பெயிண்ட் அடித்தேன். ஒரே மாடல்தானே என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு ஓடும் அதனதன் வண்டிக்கு அளந்து அறுத்தது. மயிரிழை இடைவெளி போதும், ஏறும்போதே காற்று பிடுங்கிவிடும்.

அவள் வண்டி ஏறும். இறங்காது.

சொன்னால் வரமாட்டாள். வேறு யாரிடமும் வண்டி தயாராக இல்லை.

நாள் 3, 10:05
"கிளம்பறேனுங்க. ஏனுங்கண்ணா, பேச்சையே காணோம்? பிரேக் இல்லாத லாரியில கொல்லிமலை எறங்குன ஆளு, இப்பப் பயந்துட்டீங்களாக்கும்!"

"பாத்து வா அம்மிணி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

10:11
ஏறாதே என்று கத்தினேன். தொடர்பு இல்லை, பூமிக்கு மறுபக்கம் வந்துவிட்டேன். மறுபடி தொடர்பு வர நாற்பது நிமிடம். கத்திக்கொண்டே இருக்கிறேன். கேட்க யாரும் இல்லை.

10:52
"மேல வந்துட்டனுங்கண்ணா! குலுங்கல் கொஞ்சம் சாஸ்தி. மத்தபடி பட்டாட்டம் ஏறுச்சு."

கேமராவை அவள் வரும் பக்கம் நீட்டினேன்.

14:40
அவள் வண்டி வந்து என் வண்டியோடு பூட்டிக்கொண்டது. என் கேமரா அவள் இறக்கைக்கு அடியில் நிற்கிறது. கறுப்பு ஓடுகளுக்கு நடுவே மூன்று சதுரம் அலுமினியம் மின்னுகிறது. அவள் இன்னும் பார்க்கவில்லை.

14:46
"கதவத் தொறங்கண்ணா. முட்டை போண்டா கொண்டாந்திருக்கறேன், ஆறிப்போகுது."

தட்டுகிறாள். சிரிப்பது கேட்கிறது. தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறேன். இன்னும் திருப்பவில்லை.