மணியின் கார்டு

2004 ஆகஸ்ட், செவ்வாய் இரவு

ஒரகடம் பக்கத்துத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் என்று, எங்கள் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஏறிய பில்களை வைத்து எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. ஒரே கார்டு எண் வந்தால் ஒரே ஆள் என்பது விதி. தம்பியின் கம்பெனியில் மணி என்பவர் பெயரில் ரத்தம், நுரையீரல், சிறுநீர்ப்பை என்று மூன்று பில்கள் இருந்தன. பாவம், உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று நினைத்து ஒருவராகச் சேர்த்தேன்.

"அந்தக் கம்பெனியில ஒருத்தர்தானா? பரவாயில்லையே" என்றார் டாக்டரம்மா.

சாப்பிடும்போது தம்பியிடம் மணியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தான்.

"மணி அண்ணனுக்கு இன்னா? கல்லு மாதிரி கீறாரு. காண்ட்ராக்ட் பசங்களுக்கு ஏது கார்டு? மூணு பேர் அவரு கார்டுலதான் பாத்துகினாங்க."

"மூணு பேரா? எந்த செக்‌ஷன்?"

"எங்க பெயின்ட் செக்‌ஷன்தான்."

நாளை உண்மையைச் சொன்னால் மணிக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மூன்று பேரும் ஒருவராகவே இருப்பார்கள். தம்பியும் காண்ட்ராக்ட்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகத்தான் சொன்னான்:

"நீ ஏன்க்கா பயப்படுற? எனக்கு ஏதாச்சும்னா மணி அண்ணன் கார்டு கீதே."